பூட்டை மாற்றும் காலம்

வெள்ளவத்தை வங்கியில் வைப்பிட்ட பணத்துக்கும், கொட்டாஞ்சேனை வணிகர் கைத்தொலைபேசி வழியாகச் செலுத்தும் கட்டணத்துக்கும் காவல் எது? இரும்புப் பெட்டியன்று, கணக்கொன்றின் கடினமே. இரு பெரும் முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்திலிருந்து அவ்விரண்டையும் மீட்பது இன்றைய கணினிக்கு ஆகாத காரியம். இத்தகைய கணக்குகளே பூட்டாக நிற்கின்றன.

குவாண்டம் கணினி இக்கணக்கைத் தீர்க்கும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994 இல் நிறுவினார். அது விரைந்தோடும் மற்றொரு கணினியன்று. நம் கணினியின் பிட் பூச்சியம் அல்லது ஒன்று. குவாண்டம் பிட்டோ அளக்கப்படும்வரை இரண்டும் கலந்த நிலையில் நிற்கவல்லது. எல்லா விடைகளையும் ஒருங்கே தந்துவிடும் என்பது சந்தைப் பேச்சு. அளந்தால் கிடைப்பது ஒரே விடை. நீரலைகளைப் போலப் பிழையான வழிகள் ஒன்றையொன்று அழிக்க, சரியான வழி வலுப்பெறுமாறு கணக்கை அமைப்பதே அதன் வித்தை. அவ்வாறு அமையும் கணக்குகள் சிலவே. பூட்டுக் கணக்கு அவற்றுள் ஒன்றாயிற்று!

பூட்டை உடைக்கவல்ல பொறி இன்னும் வரவில்லை என்பது மெய். ஆயினும் இன்று களவாடிச் சேர்த்துவைத்த இரகசியத்தை அது வந்த அன்று திறக்கலாம். ஆகவேதான் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் புதிய பூட்டுகளுக்கான மூன்று நியமங்களை வெளியிட்டது. இந்திய அரசு தன் குவாண்டம் திட்டத்துக்கு 2023 இல் 6,003 கோடி ரூபாவுக்கு ஒப்புதலளித்தது.

இங்கே மின் ஒப்பத்துக்கு வலுவளிப்பது 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம். நல்லவேளையாகக் காணி விற்பனையை அச்சட்டம் விலக்கியுள்ளது. கமக்காரரின் உறுதி கடதாசியிலேயே இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு அப்புகலிடம் இல்லை. பூட்டுகள் எந்நாளில் மாற்றப்படும் என அரசாங்கமும் மத்திய வங்கியும் நாட்குறித்து அறிவிக்கக் கோருகிறோம். அவ்வறிவித்தல் தமிழிலும் வரவேண்டும்.