ஒரு வெள்ளிக்கிழமை மசோதா



சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் விழுப்புரத்தில் லாட்ஜ் அறை கிடைப்பது அரிது. கூவாகம் கூத்தாண்டவரைக் கும்பிட நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் முதலில் நம் ஊரில்தான் இறங்குகிறார்கள். அழகிப் போட்டி, கலைநிகழ்ச்சி எல்லாம் முடிந்த பிறகுதான் தாலி கட்டிக்கொள்ளக் கூவாகம் புறப்படுவார்கள்.

அவர்களுடைய உரிமைக்காக ஒரு மசோதா 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, மாநிலங்களவையில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் அமைச்சர் அல்லர், தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா. வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். பெரும்பாலும் பேசி முடித்ததும், அமைச்சர் கேட்டுக்கொள்ள, மசோதாவைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். சிவாவையும் அரசுத் தரப்பு அப்படித்தான் கேட்டது. அவர் இசையவில்லை. கடைசியில் குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. விடுதலைக்குப் பின் சட்டமாகியிருக்கும் தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14 என்பதையும், அதில் கடைசி 1970இல் என்பதையும் நினைத்தால் அன்று நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

தேர்தலில் தோற்றவர்கள் பின்வாசல் வழியாக நுழையும் இடம் என்று இந்த அவையைப் பற்றிச் சொல்வதுண்டு. அப்படி நுழைந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்சி மாறினாலும் கலையாத அவை அது. உறுப்பினருக்கு ஆறு ஆண்டுப் பதவி. எண்ணிக்கை குறைந்த ஒரு சமூகத்துக்காக நின்று பேச அந்த நிதானம் வேண்டும் என்றே நான் நம்புகிறேன்.

அங்கே போகும் வழியில் நாமும் இருக்கிறோம். தமிழகத்துக்கு 18 இடங்கள், ஒவ்வொரு முறையும் ஆறு காலியாகும். வாக்களிப்பவர்கள் 234 எம்.எல்.ஏ.க்கள். ஒருவர் ஜெயிக்க 34 பேரின் ஆதரவு போதும். அந்த 234 பேரில் செஞ்சி, மயிலம், திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர் என நம் மாவட்டத்தின் ஏழு பேரும் உண்டு. வருத்தம் என்னவென்றால், கட்சிகள் கணக்குப் போட்டு நிறுத்துவதால் வாக்கெடுப்பே நடக்காமல் போய்விடுகிறது. 2025 ஜூனிலும் ஆறு பேரும் போட்டியின்றித்தான் தேர்வானார்கள்.

அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. பண மசோதாவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். திருத்தம் சொல்லலாம், ஏற்பது மக்களவையின் விருப்பம். மற்ற மசோதாக்களுக்கு இரண்டு அவைகளின் ஒப்புதலும் தேவை. சிவாவின் மசோதா மக்களவையைத் தாண்டவில்லை.

அரசு தானே ஒரு மசோதா கொண்டுவந்தது. அடையாளச் சான்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற பிரிவைத் திருநங்கைகள் பலர் எதிர்த்தார்கள். தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா கொண்டுவந்த தீர்மானம் தோற்று, 2019 நவம்பர் 26 அன்று மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது. கூவாகத்தையும் சேர்த்துக்கொண்டு கள்ளக்குறிச்சி நம்மிடமிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்ததும் அதே நாளில்தான்.

உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மாநிலங்களவைக்கு யாரை, எதற்காக ஆதரித்தார் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்