குனிந்த தலையும் கொடியின் மானமும்

பெர்லின் நகரின் ஒலிம்பிக்கு அரங்கில் 1936ஆம் ஆண்டு ஆகசுட்டு 9ஆம் நாள், மாரத்தான் நெடுந்தொலை ஓட்டத்தில் முதலாவதாக வந்த இளைஞர் ஒருவர் வெற்றிமேடைமேல் நின்றார். 2 மணி 29 மணித்துளி 19 நொடியில் ஓடி முடித்து, அதுவரை ஒலிம்பிக்கில் எவரும் எட்டியிராத விரைவை எட்டியவர் அவர். கையில் பரிசாகத் தந்த ஓக்கு மரக்கன்று. சப்பானிய நாட்டுப்பண் முழங்கியது; சப்பானியக் கொடி மேலேறியது. அரங்கமே நிமிர்ந்து பார்த்த அந்நேரத்தில் வென்றவர் நிமிரவில்லை. அவர் தலை தொங்கிற்று. கையிலிருந்த கன்றை மார்போடு அணைத்து, சட்டையில் தைத்திருந்த ஞாயிற்றுக் கொடியை மறைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தவரும் அவரைப் போலவே தலைகுனிந்து நின்றார்.

முதல்வர் பெயர் சோன் கீ சோங். மூன்றாமவர் நம்சுங் யோங். இருவரும் கொரியர். கொரிய நாட்டைச் சப்பான் 1910இல் விழுங்கிவிட்டது. ஆகவே, உலகத்தின்முன் ஓட வேண்டுமானால் சப்பானின் சட்டையை அணிந்துதான் ஓடவேண்டும். சப்பானியர் பலுக்குகின்றபடி 'சோன் கித்தெய்' என்னும் பெயரோடுதான் ஓடவேண்டும். நாட்டைப் பிடித்தவன் நாவையும் பிடிப்பான். நாவைப் பிடித்தவன் பெயரை விட்டுவைப்பானா? பெர்லினில் கையொப்பம் கேட்டு வந்தவர்க்கு அவ்விளைஞர் தம் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தார். தாம் கொரியர் என்றும் சொன்னார். தாய்மொழியில் ஒப்பமிடுவதன் பொருளைத் தமிழ் நெஞ்சங்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவர் கொடியை இழிவுபடுத்தினாரா?

கொடிக்கு மதிப்புத் தருவது எப்படி என்று நெறிமுறை வகுத்திருப்பவர் பலர். நிமிர்ந்து நில், கொடியைப் பார், கையை இங்கே வை, வாய் பேசாதே. இவையெல்லாம் உடம்புக்கு இடப்படும் கட்டளைகள். உள்ளம் எங்கே நிற்கிறது என்பதை அளக்க அவற்றால் ஆகாது. அன்று பெர்லினில் கூடியிருந்த பெருந்திரள் அவ்விருவரின் குனிவைக் களைப்பென்றோ அடக்கமென்றோ எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் அக்கொடியின்கீழ் நிற்க நேர்ந்ததை அவ்விருவரைப்போல் நொந்தவர் அவ்வரங்கில் இலர். பொன் பதக்கத்துக்காகத் தாம் சோனைப் பார்த்து ஏங்கவில்லை என்றும், கொடியை மறைக்க அவர்க்கு ஒரு கன்று கிடைத்ததே, அதற்காகத்தான் ஏங்கியதாகவும் நம்சுங் யோங் பின்னாளில் கூறினார். மூன்றாம் இடத்துக்குக் கன்று இல்லை.

சியோலில் வெளிவந்த தோங்கா இல்போ என்னும் கொரிய நாளிதழ் அதே திங்கள் 25ஆம் நாள் சோனின் வெற்றிப் படத்தை வெளியிட்டது. படத்தில் அவர் மார்பு வெறுமையாக இருந்தது. இதழகத்தார் கொடியை அழித்துவிட்டு அச்சிட்டிருந்தனர். சப்பானிய ஆட்சி சினந்து பாய்ந்தது. இதழ் ஏறத்தாழ ஒன்பது திங்கள் முடக்கப்பட்டது. செய்தியாளரும் ஓவியரும் பிறரும் சிறைப்பட்டனர். உள்ளங்கையளவுத் துணிக்கும் அன்று, அத்துணியின் மங்கிய படத்துக்கு இத்தனை தண்டம்! ஒரு நாட்டையே அழித்ததில் இழிவு காணாதவர்கள் ஒரு படத்தை அழித்ததில் இழிவு கண்டார்கள்.

அந்தப் பெர்லின் விளையாட்டின்போது அமெரிக்க ஒலிம்பிக்குக் கழகத்தின் தலைவராக இருந்தவர் ஏவரி பிரண்டேசு. யூத மக்களை இட்லர் ஆட்சி ஒடுக்குவதால் பெர்லினுக்குப் போகக்கூடாது என்று அமெரிக்காவில் ஓர் இயக்கம் எழுந்தபோது, விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்று அதை முறியடித்தவர் அவர். அரங்கில் இட்லர் கட்சியினர் கையை நீட்டி நீட்டி வணங்கியது அவர்க்கு அரசியலாகத் தோன்றவில்லை. அஃது ஒரு நாட்டின் வணக்கமுறையாம்! இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில், 32 ஆண்டுகள் கழித்து மெக்சிக்கோ நகரில் பன்னாட்டு ஒலிம்பிக்குக் குழுவின் தலைவராக அமர்ந்திருந்தவரும் அவரே.

1968 அத்தோபர் 16. ஆடவர் 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 நொடியில் ஓடி அமெரிக்கக் கறுப்பர் தாமி சுமித் முதலிடம் பெற்றார். அவருடைய தோழர் சான் கார்லோசுக்கு மூன்றாமிடம். இருவரும் புதைமிதியின்றிக் கறுப்புக் காலுறையோடு மேடையேறினர்; கறுப்பு மக்களின் வறுமைக்கு அஃது அடையாளம். கார்லோசு கழுத்திலிருந்த மணிகள், வெள்ளை வெறியரால் மரத்தில் தொங்கவிடப்பட்டுச் செத்தவர்க்கு அடையாளம். பண் தொடங்கியதும் இருவரும் தலையைத் தாழ்த்திக் கறுப்புக் கையுறையணிந்த முட்டியை உயர்த்தினர். ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை. கார்லோசு தம் கையுறைகளை மறந்து வந்துவிட்டதால், இருந்த ஓர் இணையைப் பகிர்ந்து அணியுமாறு சொன்னவர் இரண்டாமிடம் பெற்ற ஆத்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன். அவரும் மாந்தவுரிமை அடையாளவில்லையைத் தம் மார்பில் குத்திக்கொண்டு அவர்களோடு நின்றார்.

அங்கே எவர் எவரை வைதார்? எவர் கொடியைக் கிழித்தார்? ஒருவருமில்லை. ஆயினும் பிரண்டேசு கொதித்தார். அமெரிக்க ஓட்டக்குழு முழுவதையும் விலக்கிவிடுவதாக அச்சுறுத்தல் எழுந்தது. அமெரிக்கக் கழகம் பணிந்தது. இருவரும் குழுவிலிருந்து நீக்கப்பட்டு ஒலிம்பிக்கு ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இட்லரின் நீட்டிய கையில் அரசியல் காணாத கண், கறுப்பரின் மூடிய முட்டியில் மட்டும் அரசியல் கண்டது. இதில் வியப்பொன்றும் இல்லை. அடக்குகின்றவன் செய்வது ஒழுங்கு. அடக்கப்பட்டவன் செய்வது அரசியல். எந்த நாட்டிலும் இதுதான் அகரமுதலி.

அதே மெக்சிக்கோவில் அதே திங்களில் இன்னொரு தலையும் தாழ்ந்தது. செக்கோசுலோவாக்கியாவின் உடற்பயிற்சிச் செல்வி வேரா சாசுலாவ்சுக்கா, உருசியப் பெண்ணொருத்தியோடு முதலிடத்தைப் பகிர்ந்து நின்றார். ஆகசுட்டில்தான் உருசியப் படை அவர் நாட்டினுள் நுழைந்திருந்தது. உருசிய நாட்டுப்பண் இசைத்தபோது அவர் தலையைத் தாழ்த்தி அப்பால் திருப்பிக்கொண்டார். அவரைப் பன்னாட்டுக் குழு விரட்டவில்லை. தண்டம் அவர் வீடு திரும்பியபின் வந்தது. பல்லாண்டு ஒதுக்கி வைக்கப்பட்டார். ஒரே வகையான குனிவு. ஒருவர்க்கு அந்நியர் கொடி, மற்றவர்க்குத் தம் நாட்டுக் கொடியே அந்நியமாகிவிட்ட நிலை.

இந்த இரண்டாவது நிலைதான் சொற்போர்களில் மிகுதியாகத் திரித்துப் பேசப்படுவது. "இது உன் நாடு, உன் கொடி, ஏன் வணங்க மறுக்கிறாய்?" என்று கேட்பவர், அந்நாடு அவனைத் தன் மகனாக எண்ணியதா என்று கேட்பதில்லை. மதிப்பு என்பது கொடுத்துக் கொள்வது. வற்புறுத்திப் பெற்றால் அது வரியாகுமேயன்றி மதிப்பாகாது.

இதற்கு ஆத்திரேலியா ஒரு சான்று. 1994இல் கனடாவின் விட்டோரியா நகரில் நடந்த பொதுநல நாடுகளின் விளையாட்டில் கேத்தி பிரீமன் 400 மீட்டர் ஓட்டத்தை வென்றார். அவர் அம்மண்ணின் தொல்குடிப் பெண். வென்றதும் தொல்குடி மக்களின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடியை முதலில் ஏந்தி ஓடினார். பின்னர் ஆத்திரேலியக் கொடியையும் சேர்த்து ஏந்தினார். ஆத்திரேலியக் குழுவின் தலைமை அலுவலர் அவரைக் கண்டித்தார். ஒரு நாட்டுக்கு ஒரு கொடிதானாம். பிரீமன் அடுத்து 200 மீட்டரையும் வென்றார். மீண்டும் இரண்டு கொடிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்டனத்துக்கு இதைவிட நல்ல விடை எந்த மேடைப் பேச்சிலும் கிடைக்காது.

அதன்பின் நடந்ததுதான் கருத்துக்குரியது. நாடு பிளந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1995இல், ஆத்திரேலிய அரசு தொல்குடிக் கொடியைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்குத் தீயை ஏற்றும் பெருமை பிரீமனுக்கே வந்தது. 400 மீட்டரை 49.11 நொடியில் வென்று, இரு கொடிகளையும் ஒன்றாய் முடிந்து அவர் சுற்றிவந்தபோது அரங்கம் அதிர்ந்தது. எவரும் கேட்காமலேயே ஆத்திரேலியக் கொடியையும் அவர் தூக்கினார் என்பதைக் குறிக்க வேண்டும். தன் கொடியை மதித்தவர்களின் கொடியைத் தானும் மதிப்பதில் ஒரு தொல்குடிப் பெண்ணுக்குத் தடையேதும் இருக்கவில்லை. பீட்டர் நார்மன் மட்டும் நெடுங்காலம் காத்திருந்தார். 2006இல் அவர் மறைந்தபோது சுமித்தும் கார்லோசும் பறந்து சென்று பேழையைத் தோளில் சுமந்தனர். ஆத்திரேலிய நாடாளுமன்றம் 2012இல் அவரிடம் பொறுத்தருள வேண்டியது. பொறுத்தருள அவர்தாம் இல்லை.

அமெரிக்கர் இன்னும் பழைய பாடத்திலேயே நிற்கின்றனர். 2016இல் காலின் கேப்பர்நிக்கு என்னும் கால்பந்தாட்டக்காரர், காவலர் கையில் கறுப்பர் மாள்வதைக் கண்டித்து, நாட்டுப்பண் இசைக்கையில் எழாமல் அமர்ந்திருந்தார். படையில் பணியாற்றிய ஒருவர் அவரிடம் பேசி, அமர்வதைவிட ஒரு முழங்காலில் நிற்பது நன்று, மாண்ட தோழனின் கல்லறைமுன் படைஞர் அப்படித்தான் நிற்பர் என்றார். கேப்பர்நிக்கு அதை ஏற்றார். பயன்? கொடியையும் படையையும் இழிவு செய்துவிட்டார் என்ற கூச்சல் அடங்கவேயில்லை. அப்பருவத்துக்குப்பின் எந்தக் குழுவும் அவரைச் சேர்க்கவில்லை. முழங்காலிடுவோரை வேலையைவிட்டு விரட்டவேண்டுமென்று 2017 செப்டம்பரில் நாட்டின் தலைவர் திரம்பே மேடையேறி முழங்கினார். போரில் மகனை இழந்த தாய் ஒருத்தி அக்காட்சியைக் கண்டு நெஞ்சு நொந்தாள் என்றால் அந்நோவை எள்ளுதல் ஆகாது. கொடி போர்த்திய பேழையைப் பெற்றுக்கொண்டவள் அவள். ஆனால் அவள் நோவைக் கடன்வாங்கிக் கூவுகின்றவர்களுக்கு அவ்வுரிமை இல்லை.

அவர்கள் போற்றும் அமெரிக்கக் கொடி நெறிமுறையையே எடுத்துக்கொள்வோம். நாட்டுப்பண்ணின்போது எழுந்து நிற்கவேண்டும் என்று அந்நாட்டு நெறி சொல்வது உண்மை. கொடியைக் கிடையாக விரித்துப் பிடிக்கக்கூடாது, எப்போதும் உயர்த்தியே பிடிக்கவேண்டும் என்பதும் நெறிதான். கொடியை ஆடையாக உடுத்தக்கூடாது, விளையாட்டுச் சீருடையில் அதன் பகுதியையும் சேர்க்கக்கூடாது என்பதும் நெறிதான். ஆட்டத்திடலின் அகலத்துக்கு ஒரு கொடியைப் பாய்போல் கிடத்திப் பலர் ஓரம்பிடித்து நிற்கும் காட்சியை ஒவ்வொரு பருவத்திலும் அந்நாட்டார் கைதட்டிக் காண்கின்றனர். கொடியைச் சட்டையாகவும் குட்டைக் கால்சட்டையாகவும் மாட்டிக்கொண்டு திரிகின்றனர். அங்கெல்லாம் புண்படாத மானம், ஒரு கறுப்பனின் முழங்காலில் மட்டும் புண்படுகிறது.

இத்தனைக்கும் அந்நாட்டின் தலைமை முறைமன்றம் 1943இலேயே, போர் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, பள்ளிப் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யுமாறு கட்டாயப்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. தங்கள் இறைநெறிக்கு மாறானது என்று கைதூக்க மறுத்த பிள்ளைகளைப் பள்ளியைவிட்டு நீக்கியதால் எழுந்த வழக்கு அது. வகுப்பறையில் நின்று பழகியவர்க்குத் தெரியும்: பிரம்பைக் கண்டு எழுந்து நிற்கும் பிள்ளை வேறு, ஆசிரியரைக் கண்டு எழுந்து நிற்கும் பிள்ளை வேறு. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

2020 மே 25ஆம் நாள் மினியாபோலிசு நகரில் காவலர் ஒருவர் சார்ச்சு பிளாயிடு என்னும் கறுப்பரின் கழுத்தில் முழங்காலை ஊன்றி உயிரைப் போக்கினார். சில நாள் கழித்து, விளையாட்டாளர் சொன்னதைக் கேளாமற் போனது தவறு என்று கால்பந்தாட்ட அமைப்பின் தலைவர் ஒப்புக்கொண்டார். கேப்பர்நிக்குக்கு ஆடும் வாய்ப்பு அப்போதும் வரவில்லை.

சோன் கீ சோங் நெடுநாள் வாழ்ந்தார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், விடுதலை பெற்ற கொரியரின் கொடியைத் தாமே ஏந்தி அணியின்முன் நடந்தார். அன்று அவர் தலை குனிந்திருக்கவில்லை. 1988இல் சியோலில் 76 அகவைக் கிழவராய்த் தீப்பந்தத்தை ஏந்தி அரங்கினுள் நுழைந்தபோது சிறுவனைப்போல் துள்ளினார். 1992இல் பார்சிலோனாவில், ஆகசுட்டு 9ஆம் நாளிலேயே, சப்பானியர் ஒருவரைப் பின்தள்ளிக் கொரியர் குவாங் யோங் சோ மாரத்தான் ஓட்டத்தை வென்றதை நேரில் இருந்து கண்டார். 2002இல் மறைந்தார்.

பெர்லின் அரங்கின் சுவரில் வென்றவர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1970இல் கொரிய நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அங்குச் சென்று, சோனின் பெயர்க்கு அருகிலிருந்த 'சப்பான்' என்னும் சொல்லை உளிகொண்டு செதுக்கிக் 'கொரியா' என்று மாற்றினார். செருமானியர் அதைப் பழையபடியே திருத்திவிட்டனர். ஒலிம்பிக்குப் பதிவேட்டில் அவ்வெற்றி இன்றும் சப்பானின் கணக்கிலேயே இருக்கிறது. வென்றவர் பெயர் சோன் கித்தெய்.