முளையிலே தெரிந்த நஞ்சு

வல்லாட்சியர் யாவர் என வினவினால், நம் மாணவர் இட்லரையும் முசோலினியையுமே கூறுவர். வாக்குச்சீட்டின் வழியே அரசேறி, அவ் வாக்குச்சீட்டையே முடக்கிய ஒருவர் நம் அண்டைத் தீவிலேயே ஆண்டார் என்பதை அவர் அறியார். இலங்கையின் செயவர்த்தனாவையே கூறுகின்றேன்.

1906-இல் கொழும்பில் நடுவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, கிறித்தவச் சூழலில் ஆங்கிலக் கல்வி பெற்று வளர்ந்த அவர், இளமையிலேயே புத்த நெறிக்கு மாறினார். 1943-இல் அரசுப் பேரவையுட் புகுந்தார். மறு ஆண்டே, சிங்களமே ஆட்சிமொழி ஆதல் வேண்டும் என முன்மொழிந்து வாதிட்டார். நல்லையா திருத்தம் கொணர்ந்த பின்னரே தமிழும் அதில் இடம்பெற்றது. 1957-இல் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் செய்த உடன்பாட்டை எதிர்த்துக் கண்டி நோக்கி நடந்தவரும் இவரே.

அவர் நெஞ்சில் வேரூன்றிய மற்றோர் எண்ணமும் உண்டு. நாடாளுமன்றத்தின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படாத தனித்தலைவர் ஒருவரே நாட்டை ஆளல் வேண்டும் என 1966-இலேயே பேசினார். 1977-இல் 168 இடங்களில் 140-ஐ அவர் கட்சி வென்றது. மறு ஆண்டே, பிரான்சின் அமைப்பைப் பெரிதும் ஒட்டிய புதிய அரசியலமைப்பு வந்தது, அவரே தலைவரானார்.

பிரான்சின் அமைப்பு புதுவையினராகிய நமக்குப் புதிதன்று. அந்நாட்டுக் குடியுரிமையுடைய நம்மவர் அதன் தலைவர் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கின்றனர். அவ்வமைப்பை உருவாக்கிய தெகோல், 1969-இல் பொது வாக்கெடுப்பில் தோற்ற மறுநாளே பதவி துறந்தார். செயவர்த்தனாவோ, தம் கட்சி உறுப்பினரிடம் நாளிடாத விலகல் மடல்களை முன்னரே வாங்கி வைத்துக்கொண்டு, 1982 திசம்பர் 22-இல் நடத்திய பொது வாக்கெடுப்பால் நாடாளுமன்றத் தேர்தலையே ஆறாண்டு தள்ளிவைத்தார். கருவி ஒன்றே, ஏந்திய கையும் நெஞ்சமும் வேறு!

பயன் என்ன? 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981-இல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 சூலையில் தமிழர் தெருத்தெருவாகக் கொல்லப்பட்டனர். அவ்வேளை தொலைக்காட்சியில் தோன்றிய தலைவர், மாண்ட தமிழர்க்கென ஓர் ஆறுதற் சொல்லும் கூறினாரல்லர். 1944-இல் அவர் பேச்சைக் கூர்ந்து கேட்டவர்க்கு அவ் வாய்மூடல் வியப்பளித்திராது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். நஞ்சும் அவ்வாறே. ஆகவே தமிழன்பர்களே, ஒரு தலைவரின் கழுத்து மாலையை எண்ணாதீர். அவர் முதன்முதற் பேசியது யாது, தமக்கு மாறானவரை எவ்வாறு நடத்தினார் என்று எண்ணிப் பாருங்கள். இவ் வளவுகோலைச் சிங்களத் தலைவர்க்கு மட்டும் வைத்துவிட்டு, நம் மொழியின் பெயரால் நம்மிடம் வருவோர்க்கு வையாது விடுவோமாயின், நாம் கற்றது வீண்.