ஈரக் கையும் 230 வோல்ட்டும்

சங்க இதழில் கார் துடைக்கும் விளக்கைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். வரட்டும். சென்ற மழைக்காலத்தில் எங்கள் கட்டடத்தில் நடந்ததைப் பார்த்தபின் எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

டோம்பிவிலியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்துமிடம். நம் தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன் பகலில் கூரியர் வேலை பார்க்கிறான். இரவு எட்டு மணிக்கு மேல் நண்பனோடு சேர்ந்து அங்கே கார்களைக் கழுவிப் பாலிஷ் போட்டுத் தருகிறான். பகலில் கார்கள் எல்லாம் ஆபீஸ் போய்விடும். மேலும் வெயிலில் சூடேறிய தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். ஆகவே ராத்திரி வேலை ஒருவகையில் நல்லதுதான். வெளிச்சம்தான் வம்பு. ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, இரண்டு இடத்தில் டேப் சுற்றிய வயர். அதைக் கார்க் கதவில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் நின்று வேலை. ஒரு நாள் ஈரக் கை அந்த டேப்பில் பட்டது. உதறித் தள்ளிவிட்டதால் பிழைத்தான். உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கூப்பிட்டுத் திட்டினேன். "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே அங்கிள்" என்றான். இதே வாக்கியத்தை ரயில்வேயில் 36 வருஷம் கேட்டவன் நான்.

டிப்ளமா முடித்த கையோடு மின்பிரிவில் சேர்ந்தவன். பெட்டிகளின் அடிப்பாகத்தைப் பிட்டில் இறங்கி ராத்திரியில்தான் பெரும்பாலும் பார்ப்போம். மேலே தண்ணீர் சொட்டும், சுற்றிலும் இரும்பு. அங்கே கைவிளக்கு என்றால் 24 வோல்ட். அதற்கு மேல் கூடாது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, தொட்டி, குழி போன்ற அடைசலான இடங்களில் தகுந்த பாதுகாப்பில்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது என்று விதி சேர்த்திருந்தார்கள். ரத்தம் பார்த்த பிறகு எழுதப்பட்ட விதி என்றே நாங்கள் நினைத்துக்கொள்வோம். அந்த 24 வோல்ட் விளக்கை மங்கல் என்று கேலி செய்துவிட்டு, நேராக 230 வோல்ட்டில் வயர் இழுத்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகள் இங்கே வேண்டாம்.

இன்று அந்தச் சங்கடமே இல்லை. சார்ஜ் செய்யும் எல்.இ.டி. கைவிளக்கு எங்கும் கிடைக்கிறது. சில வோல்ட் பேட்டரி, வயர் கிடையாது, ஷாக் பயமும் கிடையாது. ஆனால் வாங்கும்போது அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பக்கூடாது. அந்தப் பையன் எனக்குக் காட்டிய ஒரு விளக்கில் 10,000 லூமென் என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரே ஒரு 18650 செல். கணக்குப் பாருங்கள்: நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் வரை தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 70, 80 வாட்டாவது வேண்டும். அந்தச் செல்லில் அடங்குவதோ சுமார் 10 வாட்-மணி. ஏழெட்டு நிமிஷத்தில் காலி! அதற்குள் செல்லே சூடேறிவிடும். ஆயிரம் லூமென் என்று அடக்கமாக எழுதி, அதை ஒரு மணி நேரம் ஒழுங்காகத் தரும் விளக்குதான் எனக்கு நம்பகமாகப் படுகிறது.

அடுத்தது, அந்தப் பையனுக்கு ஷாக்கைவிட அதிகம் வலித்த சங்கதி. எங்கள் கட்டடத்திலேயே ஒருவர், கறுப்புக் கார் வைத்திருப்பவர், பாலிஷுக்குப் பிறகு பகல் வெயிலில் பார்த்தால் வண்டி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் என்று காசு தர மறுத்துவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. பையன் சொன்னதும் பொய்யில்லை. தொங்கும் பல்பில் அவனுக்குக் கீறல் தெரியவேயில்லை. மென்மையாகப் பரவும் வெளிச்சம் மெல்லிய கீறலை மறைத்துவிடும். ஒரு புள்ளியிலிருந்து வரும் கூர்மையான ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சிலந்திவலை போலக் கிளம்பி வரும். ஆகவே ஒரே பெரிய விளக்கைவிட இரண்டு சிறியவை மேல். ஒன்று ஸ்டாண்டில் நிற்கட்டும், இன்னொன்று கையில் சாய்ந்து அலையட்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நிறம் சரியாகத் தெரிய சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்கவேண்டும். 5000 கெல்வின் அளவு பகல் வெளிச்சத்துக்குப் பக்கம். 6500 கெல்வினில் நீலம் தூக்கலாக இருக்கும், கண்ணும் சீக்கிரம் களைத்துப்போகும். ஐ.பி. எண்ணில் 54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 65 என்றால் குழாயால் பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். காந்த அடிப்பாகம் எஞ்சினுக்குப் பக்கத்தில் சௌகரியம். பெயிண்ட் மேல் மட்டும் ஒட்டவே கூடாது, அதுவே கீறிவிடும். பழைய 500 வாட் ஹாலஜன் வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடலாம். அது பாதி அடுப்பு.

பாலிஷ் மெஷினுக்கு எப்படியும் 230 வோல்ட் வேண்டுமே என்று கேட்பீர்கள். வேண்டும்தான். அந்தப் பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் போடவேண்டும். எங்கள் சொசைட்டியில் இதை இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். கேட்டுக்கு இரண்டாம் முறை பெயிண்ட் அடித்தார்கள்.

விளக்கை யார் வாங்குவது என்பதில்தான் எனக்கு வழக்கு. அது அவன் தொழில், அவன்தான் வாங்கவேண்டும் என்கிறார்கள் சிலர். இருக்கை உறைக்கும் ஸ்டீரியோவுக்கும் கணக்குப் பார்க்காத நாம், நம் வண்டிக்கடியில் ராத்திரி பத்து மணிக்குக் குனிந்து நிற்கும் நம் பிள்ளையிடம் இப்படிச் சட்டம் பேசுவது அழகில்லை. கார் வைத்திருக்கும் எட்டு வீட்டார் ஒரு மாதக் கூலியை முன்பணமாகக் கொடுத்தால் இரண்டு நல்ல விளக்கு வந்துவிடும். அவன் வேலை செய்து கழித்துவிடுவான். இதுவரை ஐந்து வீட்டார் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறோம். அட்டையைப் படித்துப் பார்க்க நான் போகிறேன். கறுப்புக் கார்க்காரரும் கூட வருகிறாராம்.