மண்ணின் ஜாதகம்

உங்களுக்கே தெரியாமல் உங்கள் பங்காக 5,700 கோடி இருக்கிறது. ரூபாய் இல்லை, புழு. உலகின் மேல்மண்ணில் உள்ள நூற்புழுக்களைக் கணக்கிட்டு 2019-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு விஞ்ஞானிகள் குழு எழுதியது. தலைக்கு வகுத்தால் அவ்வளவு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத, நூல் துணுக்கு மாதிரி ஜந்துக்கள். பல சாது. பாக்டீரியாவைத் தின்றுவிட்டு, மிச்சத் தழைச்சத்தைப் பயிருக்கு விட்டுவிடும். சில மட்டும் வாயில் ஊசி வைத்துக்கொண்டு வேரைக் குத்தி உறிஞ்சும்.

அப்படி ஒன்று ராஜஸ்தானத்துக் கோதுமையையும் பார்லியையும் பிடித்திருக்கிறது. அங்கே அந்த நோய்க்கு 'மோல்யா' என்று பெயர். 1958-லேயே சீகர் மாவட்டத்தில் பதிவாகிவிட்டது. வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் மஞ்சளடித்துக் குட்டையாக நிற்கும். விவசாயி என்ன நினைப்பார்? சத்து போதவில்லை என்று இன்னொரு மூட்டை யூரியா. வேரே பழுதாகிக் கிடக்கும்போது யூரியா யாருக்கு? பெண் புழு செத்தபின் அதன் உடம்பே பழுப்பு நிறத்தில் கெட்டி உறையாகி, உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகளை வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறது. தாய்ப்பாசம்!

விஷயத்துக்கு வருகிறேன். அதே ராஜஸ்தானில், சூரத்கரில்தான் 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. அட்டையில் தழை, மணி, சாம்பல் தொடங்கி துத்தநாகம், போரான், கார அமில நிலை வரை பன்னிரண்டு விவரம். ஜாதகத்துக்கும் பன்னிரண்டு கட்டம்தான். ஆனால் அதில் ஆயுள் ஸ்தானம் என்று ஒன்று உண்டு. இதில் உயிருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. (அங்ககக் கரிமம் இருக்கிறதே என்பீர்கள். அது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது. யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது இல்லை.) இன்னொரு வேடிக்கை, மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்துத்தான் பரிசோதிக்கிறார்கள். நூற்புழுவை எண்ண வேண்டுமென்றால் ஈரம் காயாமல், வெயில் படாமல் பையில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். நாமோ குடியிருப்பவர்களைக் காயவைத்து இடித்துவிட்டு நலம் விசாரிக்கிறோம்.

கணக்கெடுப்பே நடக்கவில்லையா? நடக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒரு சாண் ஆழத்தில் மண்ணும் வேரும் எடுத்து, கழுவிச் சலித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். முதுகு ஒடிகிற வேலை. முடிவு ஆங்கிலத்தில் ஆராய்ச்சி இதழுக்குப் போகிறது. சீகர்க்காரர் அதை எங்கே போய்ப் படிப்பது?

ஆள் இல்லை, செலவாகும் என்பார்கள். ஒவ்வொரு வயலுக்கும் வேண்டாம் சார். நோய் கண்ட வட்டாரங்களில் ஊருக்கு நாலு வயல் பாருங்கள், போதும். மோல்யாவுக்கு மைக்ராஸ்கோப்கூட அவசியமில்லை. விதைத்து இரண்டு மாதம் கழித்து ஒரு செடியைப் பதமாகத் தோண்டி எடுத்து வேரை அலசினால், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். ஒரு லென்ஸைக் கொடுத்தால் பத்தாம் வகுப்புப் பையன் எண்ணிவிடுவான். தெரிந்துவிட்டால் வழியும் இருக்கிறது. கோடை உழவு, அடுத்த பட்டத்தில் கடுகோ கொண்டைக்கடலையோ, அல்லது நோயைத் தாங்கும் ராஜ் எம்.ஆர்.1 கோதுமை. இதெல்லாம் நம் விஞ்ஞானிகளே சொல்லிவைத்தது.

அட்டை மட்டும் இன்னமும், யூரியா எத்தனை கிலோ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.