அணை எத்தனை அடி? ஐந்து பேருக்கும் தெரியணும்!

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில், ஜனவரி பிறந்துவிட்டால் ‘ப்ராஜெக்ட்’ என்ற சொல் தினமும் காதில் விழும். “ப்ராஜெக்ட் வேலை இருக்கும்மா, வர லேட்டாகும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு தலைப்பை எடுத்து, களத்தில் விசாரித்து, அறிக்கை எழுதி, கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று விளக்க வேண்டும். மார்க் மட்டுமில்லை, பிறகு வேலைக்கான இன்டர்வியூவிலும் “என்ன ப்ராஜெக்ட் செஞ்சீங்க?” என்ற கேள்வி வரும்.

பல குழுக்களில் இந்த வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்துக்கொள்வார்கள். லேப்டாப் வைத்திருப்பவர் தலையில் டைப்பிங்கும் ஒட்டுவேலையும் விழும். நன்றாகப் பேசுபவர் மேடைக்கு. மற்றவர்கள் ஸ்பைரல் பைண்டிங் செலவில் பங்கு கொடுப்பார்கள். அட்டையில் ஐந்து பெயர் இருக்கும். உள்ளே இருப்பதை முழுதாக வாசித்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது? ஓர் உதாரணம் பார்ப்போம்.

தேனி மாவட்டத்தில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, இங்கே மின்சாரம் கொடுத்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குப் போகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன. சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா?

ஐந்து பேர் அதையே எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் தன் பகுதியில் 176 அடி என்று எழுதுகிறார். இரண்டாமவர் 152 அடி என்கிறார். மூன்றாமவர் 142, நான்காமவர் 136. ஐந்தாமவர் நான்கையும் ஒட்டி பிரின்ட் எடுக்கிறார். தேர்வாளர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்: “அணை எத்தனை அடி தம்பி?”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நான்கு எண்களுமே சரிதான். 176 அடி என்பது அடித்தளத்திலிருந்து அணையின் உயரம். 152 அடி என்பது அணையின் முழு நீர்மட்டம். அணையின் பாதுகாப்பு பற்றி கேரளம் கேள்வி எழுப்பிய பிறகு, 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்திய பிறகு, 142 அடி வரை தேக்கலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தடுக்க கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் செல்லாது என்று 2014 மே மாதம் தீர்ப்பு வந்தது. இரண்டு மாநிலங்கள் இத்தனை வருடம் வாதாடிய எண்கள் இவை. ஒருவருக்குத் தெரிந்தது மற்ற நால்வருக்கும் தெரிந்திருந்தால், அந்தக் கேள்வியிலேயே குழு முழு மார்க் வாங்கியிருக்கும்.

அப்படியானால் எப்படிச் செய்வது?

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள். ‘முல்லைப் பெரியாறும் விவசாயமும்’ என்ற தலைப்பை எழுதி முடிக்க ஒரு ஆயுள் போதாது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல் சாகுபடிப் பரப்பு 14,707 ஏக்கர் என்று வருடா வருடம் செய்திகளில் படிக்கிறோம். ‘லோயர் கேம்ப்புக்கும் கூடலூருக்கும் நடுவே நெல் போட்டவர்களில் யாரெல்லாம் தென்னைக்கோ திராட்சைக்கோ மாறினார்கள், ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் ஐந்து பேர் பதில் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது, களத்துக்கு ஐந்து பேரும் போக வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகள் உண்டு. பகலில், குழுவாக, எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால் அந்தத் தயக்கம் குறையும். வரப்பில் நின்று ஒரு விவசாயியிடம் பத்து நிமிடம் பேசியவருக்கு, வைவாவில் நாக்கு உலராது. அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதிக்காமல் பெயரை அறிக்கையில் போடாதீர்கள்.

மூன்றாவது, குழுவுக்கு ஒரே ஒரு ‘எண் நோட்டு’ வையுங்கள். அறிக்கையில் வரும் ஒவ்வொரு எண்ணும் அதில் இருக்க வேண்டும். எண் என்ன, அதற்கு அர்த்தம் என்ன, எங்கிருந்து எடுத்தது, யார் எடுத்தது என்று நான்கே கட்டம் போதும். 176, 152, 142, 136 குழப்பமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, எழுதுவதைப் பிரித்துக்கொண்டாலும் திருத்துவதை மாற்றிக்கொள்ளுங்கள். என் பகுதியை நீ திருத்து, உன் பகுதியை நான் திருத்துகிறேன் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் எல்லாவற்றையும் வாசித்தே ஆக வேண்டும். கடைசியில் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள். ஒரே விஷயம் மூன்று இடத்தில் வருவதும், ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதும் காதுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

யார் உழைத்தார்கள் என்ற மனத்தாங்கல் எல்லாக் குழுவிலும் வரும். லோயர் கேம்ப்பில் 2013இல் கர்னல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் உண்டு, பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் அந்த அணை ஒருவர் ஆய்வில் பிறந்ததில்லை. 1808இல் ஜேம்ஸ் கால்டுவெல் ஆராய்ந்து, இது நடக்காத காரியம் என்று அறிக்கை கொடுத்தார். 1850இல் தொடங்கிய வேலை பாதியில் நின்றது. பிறகு ரைவ்ஸ், ஸ்மித் போன்ற பொறியாளர்கள் திட்டம் தீட்டினார்கள். 1882இல்தான் அந்தப் பொறுப்பு பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1887இல் கட்டத் தொடங்கி 1895இல் முடித்தார்கள்.

கட்டி முடித்ததோடு அவர்கள் விட்டுவிடவில்லை. லண்டனில் உள்ள கட்டுமானப் பொறியாளர்கள் கழகத்தில் பென்னிகுயிக் இந்தத் திட்டம் பற்றி அளித்த கட்டுரை 1897இல் அச்சானது. கட்டுரையை முன்வைத்த பிறகு சக பொறியாளர்கள் குறுக்குக் கேள்வி கேட்பது அந்தக் கழகத்தின் வழக்கம். நம் வைவா மாதிரிதான்! 1899இல், திட்டத்தில் வேலை பார்த்த ஏ.டி. மெக்கன்சி அதன் முழு வரலாற்றையும் புத்தகமாக எழுதினார். முந்தைய ஆய்வுகள் பற்றி இன்று நமக்குத் தெரிவது அப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

நீங்களும் அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் எதைச் செய்தார் என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஒருவர் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லையென்றால், அப்போதே அவரிடம் பேசலாம். தீராவிட்டால் கைடிடம் சொல்லலாம். கடைசி வாரத்தில் சண்டை போட்டு நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேடைக்கு வருவோம். பத்து நிமிடம் கொடுத்தால், முதல் நிமிடத்திலேயே கேள்வியையும் கண்டுபிடித்த பதிலையும் சொல்லிவிடுங்கள். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள், தேர்வாளருக்கும் படிக்கத் தெரியும். ஒத்திகையில் பகுதிகளை மாற்றிப் பேசிப் பாருங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொருவர் சமாளிப்பார். வீட்டில் அப்பத்தா முன்னால் ஒரு தடவை பேசிக்காட்டுங்கள். “அப்போ நம்ம வயலுக்கு மட்டும் ஏன்டா தண்ணி லேட்டா வருது?” என்று அவர் கேட்டால், அதுதான் உங்கள் முதல் வைவா.

‘ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடைகளும் உண்டு. கேட்டதை நொடியில் எழுதித் தரும் செயலிகளும் செல்போனிலேயே வந்துவிட்டன. அறிக்கை அங்கே கிடைக்கலாம். தேர்வாளர் முன்னால் நிற்கப்போவது உங்கள் பிள்ளைதான்.

பெற்றோருக்கு ஒரு சின்ன வேலை. இன்று ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையிடம் கேளுங்கள்: “உன் பகுதி இருக்கட்டும், உன் ஃப்ரெண்டு எழுதின பகுதியில என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்.” தடையில்லாமல் சொன்னால் ப்ராஜெக்ட் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். விழித்தால் திட்டாதீர்கள். நாளைக்கே ஐந்து பேரும் ஒன்றாக உட்காரச் சொல்லுங்கள். வேண்டுமானால் உங்கள் வீட்டிலேயே உட்காரட்டும், டீ போட்டுக் கொடுங்கள்.