உயர்ந்த வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது?

குறுகிய கால வீட்டு வாடகைக்குக் கடிவாளம் கேட்கும் விடுதி உரிமையாளர்கள் எங்கும் சுட்டிக்காட்டும் ஊர் நியூயார்க். 2023 செப்டம்பர் 5 முதல் அங்கே ‘உள்ளூர்ச் சட்டம் 18’ கண்டிப்பாக அமலாகிறது. 30 நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் மாநகராட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். தங்க வருபவர்களோடு தானும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் முன்பதிவு எடுக்க முடியாது. முழு வீட்டை நாள் வாடகைக்கு விடும் தொழில் பெருமளவு ஒடுங்கிவிட்டது. அதே 2023இல் நகர விடுதிகளின் சராசரி அறை வாடகை 300 டாலரைத் தாண்டியது.

ஒன்றால்தான் மற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் சட்டம் அமலில் இருந்தது கடைசி நான்கு மாதங்கள் மட்டுமே. அதற்கு முன்பே விற்பனைக்கான அறைகள் குறைந்திருந்தன. புதிய விடுதி கட்டச் சிறப்பு அனுமதி கட்டாயம் என்ற விதி 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விடுதிகளை மாநகராட்சி ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. கொரோனா காலத்தில் மூடிய, ஆயிரம் அறைகளுக்கு மேற்பட்ட ரூஸ்வெல்ட் விடுதி 2023 மே மாதம் அவர்களின் வரவேற்பு மையமானது.

வாடகை ஏறியது சட்டத்தாலா, அறைகள் குறைந்ததாலா என்ற வேறுபாடு நம் விடுதித் தொழிலில் முக்கியம். அடைக்கல ஒப்பந்தம் முடிந்த அறைகள் சந்தைக்குத் திரும்பும்போது வாடகை இறங்கலாம். சட்டமே நம்மைத் தாங்கும் என்று நம்பி அடுத்த ஆண்டின் ரெவ்பார் (விற்பனைக்குள்ள ஓர் அறைக்கான சராசரி வருவாய்) இலக்கை ஏற்றிவைத்தவர் அன்று தடுமாறுவார்.

விருந்தினரின் பக்கமும் இருக்கிறது. பாட்டி, பெற்றோர், இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களுக்குச் சமைக்க அடுப்பும் சேர்ந்திருக்க இடமும் வேண்டும். அவை கிடைக்கும் வாடகை வீட்டை மூடிவிட்டால் அவர்கள் நம்மிடம் இரண்டு அறை எடுப்பார்கள் என்பது உறுதியில்லை. ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்சி சிட்டி இருக்கிறது. இந்தச் சட்டம் அங்கே செல்லாது.

தீயணைப்பு விதியும் வரியும் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நமக்கு மாற்றமில்லை. குடியிருக்க வேண்டிய வீடுகள் விடுதிகளாக மாறுவதையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் சட்டம் நமக்குத் தருவது அவகாசம் மட்டுமே. இடைக்கதவுள்ள இரட்டை அறைகளையும் சிறு சமையலறையையும் துணி துவைக்கும் வசதியையும் அந்த அவகாசத்துக்குள் அமைத்தால்தான், வீடு தேடிய குடும்பம் நம்மிடம் வரும்.